கொமரலிங்கத்துக்குப் போன பேஸ் பொட்டி

சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "அண்ணா, உங்க சர்வீஸ்லயே பெஸ்ட்டா செஞ்ச வேலையப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று போன வாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருவர் கைப்பேசியை நீட்டி, ஸ்பீக்கர் நம்பரைத் தட்டினால் பொட்டி என்ன அளவு, காற்று ஓட்டை என்ன அளவு என்று அதுவே சொல்லிவிடும் என்று காட்டினார். நானும் தட்டிப் பார்த்தேன். சொல்லிவிட்டது. முப்பத்திரண்டு வருடம் மூக்கில் மரத்தூள் ஏறித் தும்மித் தும்மி நான் கண்டுபிடித்ததை அது மூன்று நொடியில் சொன்னதும், எனக்கு அந்தக் கைப்பேசி மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உட்கார்ந்து யோசித்தால், அளவு பிசகாமல் செய்த பொட்டிகளைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. செய்தேன், பாடியது, வாங்கிக்கொண்டு போனார்கள். என் நினைவில் நிற்பது அளவு தப்பிப் பிறந்த ஒரே ஒரு பொட்டிதான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. மலர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் குன்னத்தூர்க்காரன். எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் மடித்து அடுக்கும் வேலையில் சேர்ந்தேன். பஞ்சுத் தூசி ஆகாமல் இரண்டு மாதம் தும்மிவிட்டு, சின்னச்சாமி அண்ணனின் மைக் செட் கடைக்கு மாறினேன். முதல் வருடம் குழாய் ஸ்பீக்கர் கட்ட மரம் ஏறினேன். இரண்டாம் வருடம் ஒயர் சுற்றினேன். மூன்றாம் வருடம் கையில் ஈயம் பற்றவைக்கும் கம்பி வந்தது, நான்காம் வருடம் அது சுட்ட தழும்புகள் ஆறின. என் படிப்பு அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர் என்னை ஆம்ப்ளி ரங்கசாமி என்று கூப்பிட ஆரம்பித்தது.

சின்னச்சாமி அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மனிதர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் "டேய் ரங்கா". ஒயரைச் சிக்கலாகப் போட்டால் "ரங்கசாமி". வேலையில் சொதப்பினால் "ஏனுங்க ரங்கசாமி". ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து மைக் ஊளையிட்டது. அண்ணன் மெதுவாக என் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க சாமி, ஒரு நிமிசம் அக்கட்டால எந்திரிச்சு வர்றீங்களாங்க?" என்றார். மாப்பிள்ளை வீட்டார் நான் இவருக்கு ஏதோ மாமன் முறை வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

பொட்டி செய்வதில் அண்ணனுக்கு ஒரு முறை உண்டு, அதை யாருக்காகவும் மாற்ற மாட்டார். ஸ்பீக்கர் எத்தனை இஞ்ச்சோ அதில் ஒன்றரை மடங்கு அகலம், இரண்டு மடங்கு உயரம். நாலு இஞ்ச்சுக்கு ஒரு திருகாணி. மூட்டுகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பூச வேண்டும். அது காயும்வரை யாரும் பொட்டியைத் தொடக்கூடாது, கிட்டே நின்று பேசக்கூடக் கூடாது. காய்ந்த பிறகு அண்ணன் விரல் முட்டியால் ஆறு பக்கமும் தட்டிப் பார்ப்பார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காதை வைத்துக் கேட்பார். எங்கேயாவது சத்தம் பொக்கென்று வந்தால் அந்த இடத்துக்கு உள்ளே ஒரு சட்டம் அடிக்க வேண்டும். கடைசியாக ஊதுபத்திச் சோதனை. ஸ்பீக்கரில் அடிச் சத்தத்தை விட்டு, எரிகிற பத்தியை மூட்டு மூட்டாகக் கொண்டுபோக வேண்டும். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். எங்கள் கடை எப்போதும் பூஜை வீடு மாதிரி மணக்கும். வாடிக்கையாளர்கள் அண்ணனைப் பெரிய பக்திமான் என்று நினைத்திருந்தார்கள்.

அப்போது எங்களிடம் இருந்ததெல்லாம் குழாய் ஸ்பீக்கரும், ஒல்லியாக நீளமாக இருக்கும் பேச்சுப் பொட்டிகளும்தான். பேச்சு கேட்கும், பாட்டு கேட்கும், தபேலாவில் பாதி கேட்கும். பேஸ் கிட்டார் மட்டும் கேட்கவே கேட்காது. பெருவிரல் தடிமன் கம்பியைத் தட்டினால் உள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அதையும் தபேலாக்காரர் செய்தது என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள்.

அந்த 'டொக்'கை எட்டு வருடமாக வாசித்துக்கொண்டிருந்தவர்தான் ஞானராஜ், எங்களுக்கு ஞானம். அவிநாசிப் பக்கம் ஒரு கிறிஸ்துவக் குடும்பத்துப் பிள்ளை. வார நாளில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஞாயிறும் நோம்பி, திருவிழா நாளும் மோகன் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார். நல்ல உயரம். அந்த உயரத்தைக் குனிந்து மறைத்துக்கொண்டே நடப்பார். மேடையில் கடைசி வரிசையில், டிரம்ஸுக்குப் பின்னால், திரை கட்டிய மூங்கிலோடு மூங்கிலாக நிற்பார். அந்தக் குழுவுக்கு எல்லா ஊரிலும் நாங்கள்தான் மைக் செட் என்பதால் எனக்கு அவர் தம்பி மாதிரி.

எண்பதுகளின் கடைசியில் கீபோர்டு வந்தது. பெரிய ஊர்க் குழுக்களில் ஒரே ஆள் வலது கையால் வயலினும் இடது கையால் பேஸும் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டதும் மோகன் மாஸ்டர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் ஞானத்தையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்.

"சின்னச்சாமிண்ணா, ஞாயமா சொல்லுங்க. கீபோர்டுக்கு வேன்ல சீட்டு வேண்டாம், சோறு வேண்டாம், ஊட்டுல விசேசம்னு லீவு கேக்காது. இவுரு வாசிக்கறது எட்டு வருசமா எனக்கே கேக்கலீங்க. கொமரலிங்கத்து நோம்பிக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது. அன்னிக்கு பேஸ் கேட்டா இவுரு இருக்கட்டும். கேக்காட்டி நான் கீபோர்டு எடுத்துக்கறனுங்க."

ஞானத்தை வைத்துக்கொண்டேதான் சொன்னார். ஞானம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் போன பிறகும் அவர் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்:

"ரங்கண்ணா, பொழுதன்னைக்கும் பனியன் வெட்டறனுங்க. எந்த நாட்டுலயோ எவனோ போட்டுக்கறான். வெட்டுனது ஆருன்னு அவனுக்குத் தெரியாது. மேடையேறுனா அங்கயும் நான் வாசிக்கறது ஒருத்தருக்கும் கேக்கறதில்ல. ஒரே ஒருக்கா கேக்கோணுங்கண்ணா. அதுக்கப்புறம் வேண்டாம்னு சொன்னாக்கூடப் பரவால்லீங்க."

அண்ணன் எழுந்து பரண் மேலிருந்து ஒரு பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கரை இறக்கினார். ஒரு சினிமாக் கொட்டகை மூடியபோது எடுத்து வந்து, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது அது. "டேய் ரங்கா, பொட்டிய நீ செய்" என்றார். நான் முதன்முதலாகத் தனியாகச் செய்த பேஸ் பொட்டி அதுதான்.

மரம் ஞானத்தின் கம்பெனியிலேயே கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து நிட்டிங் மெஷின் வந்த பெரிய மரக்கூடு ஒன்று வாசலில் மழையில் நனையாமல் கிடந்தது. முக்கால் இஞ்ச் பிளைவுட், இரும்பு மாதிரி. மேலே குடை படம், கண்ணாடித் தம்ளர் படம், புரியாத எழுத்து. முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அண்ணனின் முறைப்படி நான் அளவு எழுதினேன். உயரம் முப்பது, அகலம் இருபத்திரண்டரை, ஆழம் பதினாறு. ஸ்பீக்கர் உட்கார வட்ட ஓட்டை பதினாலு. அறுக்க வேண்டிய அன்று பார்த்து எனக்குப் பல்லடம் பக்கம் இரண்டு நாள் வேலை வந்துவிட்டது.

"நீங்க போயிட்டு வாங்கண்ணா. வெட்டறது என்ற சோலிதானுங்களே" என்றார் ஞானம். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நாளைக்கு ஆயிரம் உருப்படி வெட்டுகிற ஆள், ஆறு பலகை வெட்ட மாட்டாரா?

திரும்பி வந்தேன். பலகைகள் கடையில் சுவரோரம் வரிசையாகச் சாத்தியிருந்தன. ஓரமெல்லாம் கத்தியால் வெட்டின வெண்ணெய் மாதிரி இருந்தது. சந்தோஷத்தோடு டேப்பைப் போட்டேன். முப்பத்திரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். முப்பத்திரண்டுதான். அகலம் இருபத்திநாலரை. ஆழம் பதினெட்டு.

"ஞானம், என்னப்பா இது? எல்லாம் ரெண்டு இஞ்ச் எச்சா இருக்குது?"

"ஆமாங்கண்ணா. நீங்க எழுதுனது தைச்சு முடிச்ச ரெடி அளவுதானுங்களே? தையலுக்கு அரை இஞ்ச், சுருக்கத்துக்கு அரை இஞ்ச், சுத்தியும் உட்டு வெட்டியிருக்கறனுங்க."

"மரத்துக்கு என்னப்பா தையலு?"

அவர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் உடனே அணைந்தும் போனது. பாவம், பன்னிரண்டு வருடப் பழக்கம். சாயப்பட்டறைக்குப் போய்வந்தால் துணி சுருங்கும் என்று சாக்கட்டி பிடித்த கை தானாகவே தள்ளிக் கோடு போட்டுவிட்டது. இது போதாதென்று வட்ட ஓட்டை பன்னிரண்டரைதான் இருந்தது.

"அது ஏன் சின்னதாப் போச்சு?"

"கழுத்து எப்பவும் சின்னதாத்தானுங்கண்ணா வெட்டோணும். போடறப்ப இழுத்தா விரிஞ்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சின்னச்சாமி அண்ணன் வந்தார். டேப்பை வாங்கினார். ஆறு பலகையையும் அளந்தார். டேப்பை அழகாகச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க கட்டிங் மாஸ்டருங்க, இந்தப் பொட்டிய யாருக்குங்க போட்டு உடப் போறீங்க? கையி வெக்கறீங்களா, கையில்லாததாங்க?"

நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். வேறு மரம் கிடையாது. மீதிக் கூட்டைப் பலகை பலகையாகப் பிரித்து யாரோ மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கூடியிருந்ததால் பொட்டி கோணாமல் சேரும் என்பது மட்டும்தான் ஆறுதல். அரைமணி நேரம் கழித்து அண்ணனே, "செரி, வெட்டுனது வெட்டுனதுதான். சேத்துப் பூட்டுங்க" என்றார். கழுத்தை மட்டும் நான் அரம் போட்டு ராவி ராவிப் பெரிதாக்கினேன். ஒன்றரை நாள் ஆனது. இழுத்தால் விரியவில்லை.

உள்ளே மெத்தை மாதிரி ஏதாவது அடைத்தால்தான் சத்தம் கொழகொழவென்று குழம்பாமல் இருக்கும். திருப்பூரில் அதற்கு அலைய வேண்டுமா? ஒரு சாக்கு நிறையப் பனியன் வேஸ்ட் கொண்டுவந்து உள்ளே திணித்தோம். காற்றுப் போக்குக்குத் துணி சுருட்டி வரும் கெட்டி அட்டைக் குழாயில் இரண்டு துண்டு வெட்டி முன்பக்கம் பதித்தோம். பழைய பேட்டரிக் கட்டையை ஸ்பீக்கர் ஒயரில் தொட்டு, காகிதக் கூம்பு முன்னால் வந்தால் அதுதான் பிளஸ் என்று குறித்து, நூறு வாட் ஆம்ப்ளியில் மாட்டினேன். அண்ணன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறோடு வந்து, ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு பொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"தட்டுப்பா, அடிக் கம்பிய மட்டும்."

ஞானம் தட்டினார்.

எட்டு வருடத்தில் அந்தச் சத்தத்தை நாங்கள் மூவருமே கேட்டதில்லை. தரை உறுமியது. கடை ஷட்டர் கடகடவென்று ஆடியது. பக்கத்து டீக்கடையிலிருந்து "ஏனுங்க, லாரி முட்டிருச்சா?" என்று கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் நான் பொட்டிக்கு முன்னாலிருந்த அண்ணனைக் கவனிக்கவில்லை. இரண்டு குழாயிலிருந்தும் நீலப் பஞ்சு புகைபோலக் கிளம்பி அவர் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. மீசை நீலம், திருநீறு நீலம், சட்டை நீலம். ஊதுபத்தியை மட்டும் அசையாமல் பிடித்திருந்தார்.

"ஞானராஜுங்க," என்றார், கண்ணைத் திறக்காமல். "அந்தக் கம்பிய இன்னொருக்காத் தட்டுங்க சாமி. இன்னுங் கொஞ்சம் மிச்சமிருக்குதாட்ட இருக்குதுங்க."

அன்று சாயங்காலமே ஞானம் வேஸ்டையெல்லாம் வெளியே எடுத்து, பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில் தலையணை மாதிரி நாலு பை தைத்து, அதற்குள் அடைத்துக் கொண்டுவந்தார். தையலுக்கு விட்ட அளவு இந்தத் தடவை சரியாக இருந்தது.

அண்ணன் எல்லா மூட்டிலும் பத்தியைக் கொண்டுபோனார். புகை நேராக எழுந்தது. பொட்டி பெரிதாகிப்போனதில்தான் அடிச் சத்தம் இத்தனை ஆழமாக வருகிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். "டேய், தப்பா வெட்டுனாலும் வெசயமா வெட்டியிருக்கறான்டா" என்றார். அவர் 'டேய்' போட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பொட்டிக்குக் கறுப்பு ரெக்சின் ஒட்டி, மூலைக்குத் தகரம் அடித்து முடித்தோம். எங்கள் முறைப்படி சோதனையெல்லாம் அடிக் கம்பி ஒன்றில்தான். பாட்டு எதையும் வாசித்துப் பார்க்கவில்லை. பாட்டு வாசிப்பது வாசிக்கிறவர் பாடு, பொட்டிக்கு அதில் என்ன வேலை என்று நினைத்துவிட்டோம்.

கொமரலிங்கத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிகழ்ச்சி. அமராவதி ஆற்றுக்குப் பக்கத்தில் மேடை. நெல் அறுப்பு முடிந்து ஊரே கையில் வேலையில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது. மேடைக்கு இடது பக்கம் கீழே என் மேஜை. ஆம்ப்ளிகள் வரிசையாக இருக்க, கடைசியில் பேஸுக்கென்று தனி ஆம்ப்ளி. ஞானத்துக்கு என் முகமும் கையும் நேராகத் தெரியும். புதுச் சட்டை போட்டிருந்தார். அன்றுதான் முதன்முதலாகக் குனியாமல் நின்றார்.

முதல் பாட்டு முருகன் பாட்டு. பேஸ் விழுந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்கள். மோகன் மாஸ்டர் ஆர்மோனியத்திலிருந்து திரும்பி ஞானத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பல்லவி முடிந்தது. அனுபல்லவியில் பாட்டு மேலே போனது. பேஸ் போகவில்லை. சரணத்தில் பாட்டு வேறு பக்கம் திரும்பியது. பேஸ் திரும்பவில்லை. அது பாட்டுக்கு இருந்த இடத்திலேயே டூம் டூம் என்று போட்டுக்கொண்டிருந்தது. பாடகர் சுருதி பிடிக்க முடியாமல் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தார்.

"ஏனுங்க, ஆத்தோரம் நம்ம மோட்டாரு ஓடறாப்பல இருக்குதுங்க. நிறுத்திட்டு வந்தறன்."

இரண்டாம் பாட்டில் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஞானத்துக்கு நாலே நாலு சுரம்தான் தெரியும். எல்லாப் பாட்டுக்கும் அதே நாலைத்தான் வாசித்திருக்கிறார். பிறகு அவரே சொன்னார், அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றுவிட்ட அண்ணன் முதல் நாள் நாலு இடம் காட்டிவிட்டு, மீதியை அடுத்த வாரம் காட்டுகிறேன் என்று பம்பாய்க்கு வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லையாம். வாசித்தது ஊருக்கும் கேட்கவில்லை, மாஸ்டருக்கும் கேட்கவில்லை, அவருக்கே கேட்கவில்லை. எட்டு வருடம் கழித்து அன்று, ஆயிரம் பேருக்கு நடுவில், தான் வாசிப்பதை முதன்முதலாகக் கேட்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்றிருந்தது.

என் கை ஆம்ப்ளித் திருகில் இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் தப்பு கேட்கும். குறைத்தால் அவர் வாசிப்பதே கேட்காது, மாஸ்டர் கீபோர்டு வாங்கிவிடுவார். இந்த மாதிரி ஒரு நிலைக்கு அண்ணனின் முறையில் எந்தச் சோதனையும் இல்லை. எனக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் மைக் செட்காரன் காது பாட்டிலேயே ஊறின காது, எந்தப் பாட்டு எங்கே திரும்பும் என்று தூக்கத்திலும் தெரியும். அவருடைய நாலு சுரம் பாட்டோடு ஒட்டுகிற இடத்தில் திருகை ஏற்றினேன், ஒட்டாத இடத்தில் இறக்கினேன். ஏற்று, இறக்கு, ஏற்று, இறக்கு. மாவாட்டுகிற கை மாதிரி என் கை போய்க்கொண்டே இருந்தது. பெரியவர் திரும்பி வந்து, "நிறுத்தித்தானுங்க இருந்துச்சு" என்று குழப்பத்தோடு உட்கார்ந்தார்.

நாலாம் பாட்டில் ஞானம் என் கையைக் கண்டுபிடித்துவிட்டார். கை இறங்கினால் விரலை நகர்த்தினார். அப்போதும் கை ஏறவில்லை என்றால் கிட்டார் கழுத்தில் இன்னொரு கட்டை தள்ளி வைத்தார். சரியான இடத்தில் விரல் விழுந்ததும் நான் ஏற்றினேன். அப்படித்தான் ஐந்தாவது இடத்தைக் கண்டுபிடித்தார். ஏழாம் பாட்டில் ஆறாவது இடம் கிடைத்தபோது மனிதர் மேடையிலேயே சிரித்துவிட்டார், அது ஒரு சோகப் பாட்டு. வாசிப்பில் தப்பு இருக்கத்தான் இருந்தது. ஆனால் தப்பெல்லாம் மெதுவாகக் கேட்டது, சரியெல்லாம் நெஞ்சில் இடித்தது. ஜனங்கள் கடைசிப் பாட்டுக்கு விசிலடித்தார்கள்.

மோகன் மாஸ்டர் இறங்கி வந்து பொட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சின்னச்சாமி அண்ணனிடம் சொன்னார். "பேஸ்னா இப்படி இருக்கோணும்னு இன்னிக்குத்தானுங்க தெரிஞ்சுது. மொத ரெண்டு பாட்டுல என்னமோ ஆச்சு, பொட்டி புதுசு, பழகலியாட்ட இருக்குது. ஞானம் இருக்கட்டுமுங்க. ஆனா ஒண்ணு, மேடையில நிக்கறப்ப சபையப் பாக்கச் சொல்லுங்க. மூணு மணி நேரமும் உங்க ரங்கசாமியவே பாத்துட்டு நிக்கறாரு. சனம் என்ன நெனைக்கும்?"

வேனில் திரும்பும்போது சின்னச்சாமி அண்ணன் கேட்டார்.

"டேய் ரங்கா, இன்னிக்கு பேஸ் கிட்டார் வாசிச்சது ஆருடா?"

"ஞானந்தானுங்கண்ணா."

"அப்ப நீ வாசிச்சது என்ன?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஞானம் பொட்டியைத் தன் வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வாசிப்பார். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு என்பதால் பக்கத்து வீட்டு அலமாரியில் பாத்திரமெல்லாம் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். அந்த வீட்டு அம்மா திட்டுவதற்குப் பதிலாக, வாசிப்பு தொடங்குவதற்கு முன்பே பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைத்துவிடுவாராம், நல்ல மனுஷி. ஆனால் நிகழ்ச்சி என்றால் நான் ஆம்ப்ளியில் உட்கார்ந்தால்தான் ஞானம் மேடை ஏறுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவரும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. என் கைக்குத்தான் ஓய்வில்லை.

திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பக்கூடத்துக்காரர் வீட்டுக் கல்யாணம். காலை பதினோரு மணிக்குக் கச்சேரி. பாதி செதுக்கிய நந்தியும் யானையும் சுற்றிலும் உட்கார்ந்திருக்க, நடுவில் மேடை. முதல் பாட்டில் என் கை வழக்கம்போலத் திருகுக்குப் போனது. நிமிர்ந்து ஞானத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பந்தலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு வாசித்தார். பாட்டு மேலே போனது, பேஸும் போனது. திரும்பியது, பேஸும் திரும்பியது. நான் கையை எடுத்துவிட்டேன். எடுத்தால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, பழகின கை. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தேன். பெருமையாகவும் இருந்தது, நம்மை ஒரு பார்வை பார்த்தால் என்னவாம் என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் ஞானம் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். கடைசியில் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, இன்னிக்கு இந்தப் பக்கம் திரும்பவே இல்ல?"

"பயமுங்கண்ணா. உங்க கை எறங்கீருக்குமோன்னு பயம். அதான் பாக்கலீங்க."

"கையே வெக்கல ஞானம். மொதப் பாட்டுலயே எடுத்துட்டேன். எல்லாம் நீ வாசிச்சதுதான். ஒரு தப்பு இல்ல."

ஞானம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"இல்லீங்கண்ணா. மூணாவது பாட்டு, ரெண்டாஞ் சரணத்துல ஒண்ணு தப்புங்க," என்றார். "எனக்கே கேட்டுதுங்கண்ணா."